அத்தை கேட்ட ஒரு கண்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, உங்கள் ஒரே அண்ணனின் ஒரே மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வீட்டில் நாங்கள் மூன்று பேரும் நலம். உங்கள் கேமரா நலம். உங்கள் லென்ஸ், அந்த மூன்று கிலோ லென்ஸ், எங்கள் மூன்று பேரையும்விட நலம். மெத்தையில் அது படுத்திருக்கிறது, நான் பாயில் படுக்கிறேன். உங்கள் தோள்வலி எப்படி இருக்கிறது? முன்பெல்லாம் இதை மரியாதைக்காக விசாரிப்பேன். இப்போது எனக்கும் அதே தோளில் அதே இடத்தில் வலிப்பதால், உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு விசாரிக்கிறேன்.

"இனிமே மெசேஜ் அனுப்பாத. எதுவா இருந்தாலும் லெட்டர் எழுது. எழுதி முடிக்கிறதுக்குள்ள உன் பரபரப்புல பாதி அடங்கிடும்" என்று சொல்லிவிட்டு என்னை ம்யூட்டில் போட்டீர்கள். ஒரே நாளில் நாற்பத்தாறு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேனா பிடித்து இத்தனை வரி ஆகிவிட்டது அத்தை, பரபரப்பு அப்படியே இருக்கிறது, விரல்தான் வலிக்கிறது. தப்பாக எழுதினால் அழிக்கவும் முடியவில்லை. அதனால் அங்கங்கே கிறுக்கல் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பதாம் தேதிக்கு இன்னும் ஆறே நாள். லென்ஸை என் கையில் கொடுத்தபோது நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். "இது பதினெட்டு வருஷம் மைதானத்து ஓரத்துல என்கூட முட்டி போட்டு உக்காந்த லென்ஸ். என் தோள் போச்சு, நான் ஆபீஸ் நாற்காலிக்குப் போயிட்டேன், அதுக்காக இது பீரோவுல தூங்கக் கூடாது. மூணு மாசம் உன்கிட்ட இருக்கட்டும். ஒரே ஒரு படம் காட்டு. பறவை காத்துல இருக்கணும், கண்ணு தெரியணும். இல்லேன்னா ஸ்கூல் போட்டோ கிளப்ல கேட்டிருக்காங்க, முப்பதாம் தேதி வந்து எடுத்துட்டுப் போய் அங்க கொடுத்துடுவேன்." அன்றைக்கு நான் மனதுக்குள் சிரித்தேன் அத்தை. ஒரு கண்தானே, ஒவ்வொரு பறவையிடமும் இரண்டு இருக்கிறதே, மூன்று மாசம் எதற்கு என்று நினைத்தேன். இப்போது சிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு படம் இருக்கிறது. நீங்கள் கவரைப் பிரித்ததும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள், தெரியும். ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் லென்ஸ் ஏன் என்னிடமே இருக்கவேண்டும் என்பது புரியும். ஆகையால் பொறுமையாகப் படிக்கவும்.

முதல் மாதம் முழுக்க மொட்டை மாடியில். நான் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை, எனக்கு வாத்தியார் இணையம்தான். "பறக்கும் பறவையைப் படம் பிடிக்கப் பன்னிரண்டு வழிகள்" என்று ஒருத்தர், "அந்தப் பன்னிரண்டையும் உடனே மறந்துவிடுங்கள்" என்று இன்னொருத்தர், இரண்டையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தேன். அறுபத்து மூன்று வீடியோ முடித்து, உலகத்தில் எனக்குத் தெரியாதது இனி எதுவும் இல்லை என்ற நிலையில், லென்ஸைத் தூக்கிக் கண்ணில் வைத்தேன். பறவையைக் காணோம். லென்ஸை இறக்கிப் பார்த்தால் வானத்தில் இருக்கிறது. ஏற்றிப் பார்த்தால் வானம் மட்டும் இருக்கிறது. மறுபடி இறக்கினால், அதே இடத்தில், சாவகாசமாக வட்டம் போடுகிறது. இப்படி ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கீழ்வீட்டுக்காரர் அம்மாவிடம் "உங்க பொண்ணு நல்லா உடற்பயிற்சி பண்றா" என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார். முதல் நாள் கணக்கு: முந்நூற்றுப் பத்துப் படம். அதில் இருநூற்று எண்பது வானம், இருபத்தொன்பது தண்ணீர்த் தொட்டி, ஒன்றில் மட்டும் மூலையில் ஒரு வால். அந்த வாலை ஃபோனில் வால்பேப்பராக வைத்தேன். அப்பா வாங்கிப் பார்த்தார். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணியவர் பேச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? "மேல போற எல்லாம் ஒரு நேரம் கீழ வந்துதான் ஆகணும். வர்றப்ப பிடி, எதுக்கு அண்ணாந்து பார்த்துட்டு நிக்கிற" என்றார். பிறகு, "உன் அத்தையும் இப்படித்தான். ஆரம்பத்துல கொண்டுவந்த படத்துல எல்லாம் பந்தே இருக்காது, புல்லு மட்டும் இருக்கும்" என்றார். இதை உங்களிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார்.

சரி, முதலில் பெரிய பறவையில் பழகுவோம், அதற்கும் முன்னால் பறவையை விடப் பெரியதில் பழகுவோம் என்று முடிவு செய்தேன். நகரும் பொருளை லென்ஸாலேயே தொடர்ந்து போகப் பழக வண்டிகள்தான் நல்லது என்று நாற்பத்தோராவது வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும், எட்டு மணிக்கே போய்ப் பெரிய ரோட்டு வளைவில் ஒரு கம்பத்தின் பக்கத்தில் நின்றேன். உங்கள் லென்ஸின் சைஸ் உங்களுக்குத் தெரியும். பத்தே நிமிஷத்தில் அந்த ரோடே ஒழுங்காகிவிட்டது. தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்தார்கள். ஹெல்மெட்டைக் கையில் மாட்டியிருந்தவர்கள் அவசரமாகத் தலைக்கு மாற்றினார்கள். ஒரு அக்கா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னிடமே வந்தார்.

"இங்க பாருங்க மேடம், சிக்னல் மஞ்சள்லதான் நான் வந்தேன்."

"அக்கா, நான் போலீஸ் ஆள் இல்ல."

"வேற எந்த ஆளு?"

"பறவையைப் படம் எடுக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், ரோட்டில் ஒரு பறவையும் இல்லாததைப் பார்த்தார். "மஞ்சள்லதான் வந்தேன்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார். அதோடு விட்டதா? பஸ்ஸைத் தொடர்ந்து பழகலாம் என்று லென்ஸைத் திருப்பினால், டிரைவர் நான் ஏறத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து நிறுத்திவிடுகிறார். கையை ஆட்டி "போங்க போங்க" என்றால் கண்டக்டர் இறங்கி என்னம்மா பிரச்சினை என்கிறார். நான்கு பஸ் நின்றது அத்தை. ஓடும் வண்டி ஒன்றுகூட என் படத்தில் இல்லை, என் முன்னால் மரியாதையாக நின்ற வண்டிகள்தான் இருக்கின்றன.

அதன் பிறகுதான் இணையத்தில் ஒரு பறவைப் படக் குரூப்பில் சேர்ந்தேன். நானூறு பேர், எல்லோரும் பறக்கிற பறவையை மட்டுமே எடுப்பவர்கள். உட்கார்ந்திருக்கிற பறவையைப் போட்டால் யாரும் பேசமாட்டார்கள், அவ்வளவு கறார். அதில் ஒருத்தருக்கு "கழுகுக்கண்" என்று பெயர், அவரே வைத்துக்கொண்டது. அவர் ஒரு நகத்தைப் பார்த்தே பறவையின் வயசைச் சொல்வார், எதிர்த்து யாரும் பேசமாட்டார்கள். அவர்தான் எனக்கு அந்த ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார். பறவை கிளம்பப்போகிறது என்பதற்கு ஒரு அறிகுறி உண்டாம். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, பெரியவர்களுக்கு எழுதுகிற கடிதம், இருந்தாலும் எழுதுகிறேன். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அது வயிற்றைக் காலி செய்யும். எடையைக் குறைத்துக்கொண்டுதான் எழும்பும். அதைப் பார்த்ததும் பட்டனை அழுத்திவிட வேண்டும். அற்புதமான யோசனை என்று வார விடுமுறைக்குக் குளக்கரைக்குப் போனேன். ஒரு வெள்ளைக் கொக்கு. அதன் எதிரே நான். இரண்டு மணி நேரம் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை அத்தை, வேறு எங்கே பார்த்தேன் என்பதைச் சொல்லவேண்டாம். அது போட்டது, நான் அழுத்தினேன், நாற்பத்திரண்டு ஃப்ரேம் ஓடியது. கொக்கு பறக்கவில்லை. இரண்டு அடி நடந்து போய் மறுபடி நின்றது. அரை மணி கழித்து மறுபடி போட்டது, மறுபடி நாற்பத்திரண்டு. மறுபடி நடந்தது. சாயங்காலம் டிவியில் இணைத்து வீட்டில் காட்டினேன்.

"எங்க பறக்குது?" என்று கேட்டார் அப்பா.

"இது பறக்கிறதுக்கு முந்தின கட்டம்பா."

"எல்லாப் படமும் முந்தின கட்டமா?"

"ஆமாம்பா."

"சாப்பிடுற நேரத்துல இதைப் போடாதடி" என்று அம்மா டிவியை அணைத்துவிட்டார்.

அடுத்த கட்டமாகப் பறவைகள் உண்மையிலேயே பறக்க ஆரம்பித்தன, அதை நான் முன்னேற்றம் என்றே சொல்வேன். ஆனால் எல்லாம் முதுகு. கொக்கின் முதுகு, நாரையின் முதுகு, ஒரு மீன்கொத்தியின் முதுகு, நீலமாக, நல்ல முதுகு. எதற்கும் கண் இல்லை, ஏனென்றால் கண் இருக்கும் பக்கம் எனக்கு எதிர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கண்டால்தான் இப்படித் திரும்பிக்கொள்கின்றனவோ என்று மனசு விட்டுப்போய் குரூப்பில் எழுதினேன். கழுகுக்கண் ஒரே வரியில் பதில் போட்டார்: "காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தீர்களா?" பறவை எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் எழும்புமாம். நான் முகத்தில் ஜில்லென்று காற்று வாங்கிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தேனே, அதுதான் தப்பு. காற்று என் முதுகில் அடிக்கவேண்டும், அப்போது அது என்னைப் பார்த்து வரும். மறுநாளிலிருந்து தொப்பியில் நாலு பக்கமும் டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கொண்டு போனேன், காற்று தெரிவதற்கு. குளக்கரையில் நடக்க வருகிறவர்கள் எனக்கு வழிவிட்டுத் தள்ளி நடக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அத்தை, வந்தது. கொக்கு நேராக என்னைப் பார்த்து வந்தது. இறக்கை இரண்டையும் விரித்து, கழுத்தை மடக்கி, கால் இரண்டும் பின்னால் நீட்டி, லென்ஸ் முழுக்க வந்தது. அழுத்தினேன். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆவியில் எடுத்த படம் மாதிரி இருந்தது. வெள்ளையாக ஒரு மேகம், நடுவில் கறுப்பாக ஒரு பூச்சி. அந்தப் பூச்சிதான் கண்.

இப்போது சொல்லப்போவதுதான் மானம் போகிற இடம். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை இருக்கிறதே, அதில் முதல் நாளிலிருந்தே எனக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி துளையில் இடிக்கிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். லென்ஸுக்கு வயசாகிவிட்டது, தானாக ஃபோகஸ் பண்ண அதற்குத் தெம்பில்லை என்று முடிவு கட்டி, பக்கத்தில் இருந்த ஸ்விட்சை அணைத்துவிட்டு, என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற வரைக்கும் கையாலேயே வளையத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம். எட்டாயிரத்துச் சொச்சம் படம். ஒருநாள் மனசு கேட்காமல் கேமராவைக் கடைக்கே கொண்டுபோனேன். எங்கள் கடையில் கண் பரிசோதனை செய்பவரைப் பவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பரிசோதனை நாற்காலியில் சாய்ந்துகொண்டு துளைக்குள் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"எங்க அத்தையோடது அண்ணா."

"அத்தை கண்ணாடி போடுவாங்களா?"

"படிக்கிறப்ப போடுவாங்க. பிளஸ்."

"உனக்கு?"

"மைனஸ் ஒண்ணே முக்கால். நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க."

"இந்தத் துளை பக்கத்துல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கு பாரு. அவங்க அவங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி பவர் வச்சுக்கிறதுக்கு. இது பிளஸ்ல கடைசி வரைக்கும் தள்ளி வச்சிருக்கு. நீ கண்ணாடியையும் கழட்டிட்டு, ரெண்டு மாசமா உங்க அத்தை கண்ணால பார்த்திருக்கே."

அத்தை, நான் ஒரு நாளைக்கு நாற்பது பேரை உட்காரவைத்து, "இது தெளிவா, அது தெளிவா, முதல் லைன் நல்லா இருக்கா ரெண்டாவது லைன் நல்லா இருக்கா" என்று கேட்கிற ஆள். போன வாரம்தான் ஒரு பெரியவர் தன் மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து எழுத்து தெரியவில்லை என்று சண்டை போட்டபோது, அவர் போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். பவர் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் சக்கரத்தை மெதுவாகத் திருப்பி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார். கடையில் இருந்த மூன்று கஸ்டமரும் சேர்ந்து சிரித்தார்கள். நான்காவது திருப்பில் எதிர்க்கடை போர்டில் இருந்த ஃபோன் நம்பர் ஒவ்வொரு இலக்கமாக எழுந்து நின்றது. அழுகை வந்துவிட்டது, உண்மையாகவே. தானியங்கி ஸ்விட்சையும் போட்டேன். உங்கள் லென்ஸ் "விர்க்" என்று ஒரு சத்தம் போட்டு ஒரு நொடியில் ஃபோகஸ் பண்ணியது. அதற்கு வயசாகவே இல்லை அத்தை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், லென்ஸிடமும் உங்களிடமும்.

இனிமேல் நல்ல செய்திதான். நேற்றைக்கு முந்தின நாள் என் வார விடுமுறை. குளத்துக்கு அந்தப் பக்கம் ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்புகிற பம்ப் ஹவுஸ் இருக்கிறது. பெரிய திறந்த தொட்டி, பக்கத்தில் மோட்டார் ரூம். அதன் மேல் வானத்தில் பருந்து ஒன்று. சாதாரணமாக அல்ல, நின்ற இடத்திலேயே. காற்றில் இறக்கையை விரித்து, லேசாக இப்படியும் அப்படியும் சாய்ந்து, ஆனால் இடத்தை விட்டு நகராமல். சில பருந்து இனங்கள் இரையைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் மிதக்கும் என்று ஐம்பத்தேழாவது வீடியோவில் பார்த்திருக்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேட்டுக்கு ஓடினேன். அங்கே பம்ப் ஆபரேட்டர், காக்கி யூனிஃபார்ம், ஐம்பது வயசுக்காரர், நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உள்ள வந்து படம் எடுத்துக்கலாமா? அந்தப் பருந்தை."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா? ஒரு வாரமா இருக்கு, ஒருத்தர் கூட நிமிர்ந்து பார்க்கல. வாங்கம்மா, வாங்க. மாடிக்குப் போய் எடுத்தா இன்னும் நல்லா வரும்."

இரும்பு ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். காற்று என் முதுகில், வெளிச்சம் என் முதுகில், பருந்து என் முகத்துக்கு நேரே. இரண்டு மாதத்தில் ஒரு பறவையும் எனக்கு இவ்வளவு உதவி செய்ததில்லை. சுட்டுத் தள்ளினேன். கீழேயிருந்து அவர் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

"றெக்கை நல்லா விரிஞ்சிருக்கா?"

"ரொம்ப அழகா விரிஞ்சிருக்கு அண்ணே."

"வால்?"

"வாலும் சூப்பர்."

"கண்ணு தெரியுதாம்மா? கண்ணுதான் முக்கியம்."

என் அத்தை மாதிரியே பேசுகிறாரே என்று எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. கண் தெரிந்தது அத்தை. அப்படியே உருண்டையாக, பளபளவென்று. "இது எவ்வளவு நேரம் இருக்கும்ணே?" என்று கேட்டேன். "காத்து இருக்கிற வரைக்கும் இருக்கும். காத்து நின்னா இறங்கிடும்." "நாளைக்கும் வருமா?" "ஒம்பது மணிக்கு வந்துடும்மா, நான் ட்யூட்டிக்கு வந்த உடனே." ஒரு காட்டுப் பறவையின் நேரங்காலம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. எந்தக் குரூப்பிலும் இல்லை, எந்த வீடியோவும் பார்த்ததில்லை, சும்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தே இவ்வளவு கற்றிருக்கிறார். நடுவில் இரண்டு காக்கா எங்கிருந்தோ வந்து பருந்தைக் கொத்தக் கொத்த வந்து சில ஃப்ரேமைக் கெடுத்துவிட்டன, "சூ" என்று நான் மேலிருந்தும் அவர் கீழிருந்தும் விரட்டினோம். மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. அதில் சிறந்ததைத்தான் இணைத்திருக்கிறேன்.

குரூப்பில் போட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு லைக். கழுகுக்கண்ணே வந்து, "இளம் பருந்து. இன்னும் முதல் வருஷம் முடியவில்லை. இறக்கையின் பழுப்பைப் பார்த்தாலே தெரியும். கண்ணின் கூர்மை அபாரம்" என்று எழுதினார். நீங்கள் கேட்டது இரண்டு, பறவை காற்றில் இருக்கவேண்டும், இருக்கிறது. கண் தெரியவேண்டும், தெரிகிறது. ஆகவே அந்த ஸ்கூல் போட்டோ கிளப்பிடம் தாங்கள் வருத்தம் தெரிவித்துவிடலாம். லென்ஸ் இங்கே சந்தோஷமாக இருக்கிறது. அதற்கு மெத்தை பழகிவிட்டது.

அப்பா தங்களை விசாரித்தார். பந்து இல்லாத புல் படங்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்று எழுதச் சொன்னார். அம்மா தங்களை ஒரு வாரம் வந்து தங்கும்படி கேட்கிறார், அப்போதாவது நான் டிவியில் வேறு எதையாவது போடுவேன் என்று நம்புகிறார். தங்கள் தோள் சீக்கிரம் சரியாகி, தாங்கள் நீடூழி நலமாக இருந்து, எனக்கு இன்னும் பல லென்ஸ்கள் தரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு, உங்கள் வீட்டு ஜன்னலில் வந்து உட்காரும் எந்தப் பறவைக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
இனி உங்கள் லென்ஸின் நிரந்தரப் பொறுப்பாளரான
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: அத்தை, கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். இன்று காலை கடைக்குப் போகிற வழியில், அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுப் பம்ப் ஆபரேட்டருக்குக் கொடுக்கலாம் என்று போனேன், நன்றிக்கு. அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தார். "எவ்ளோ அழகா எடுத்திருக்கீங்க. என் வீட்டுக்காரி பார்த்தா நம்பவே மாட்டா. இதைத் தைக்க மூணு நாள் ஆச்சும்மா" என்றார்.

"எதைத் தைக்க?"

"இதைத்தான். குடிக்கிற தண்ணி, திறந்த தொட்டி, மேல உக்காந்து எல்லாப் பறவையும் அசிங்கம் பண்ணிட்டுப் போகுது. அதுங்களைப் பயமுறுத்தத்தான் செஞ்சேன். பழைய குடைத் துணி. தூண்டில் நரம்புல கட்டி, பட்டம் மாதிரி கம்பத்துல இருந்து பறக்க விட்டிருக்கேன். கண்ணு மட்டும் என் யூனிஃபார்ம் பட்டன்."

"அண்ணே, நான் அன்னைக்கு ஒரு மணி நேரம் எடுத்தேனே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதாம்மா பருந்துன்னு சொன்னீங்க. அது பருந்துதானே? துணியில செஞ்சாலும் பருந்துதானே? நீங்க அவ்ளோ ஆசையா எடுத்தீங்க, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு." அவர் அப்படிச் சொன்ன பிறகு கோபப்படுவது எப்படி? பிரிண்டின் பின்பக்கம் என் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

எனவே மேலே எழுதியதில் கடைசி இரண்டு பக்கங்களில் "பருந்து" என்று வரும் இடத்திலெல்லாம் "குடை" என்று படித்துக்கொள்ளவும். குரூப்பில் உண்மையைப் போட்டுவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு லைக் இப்போது சிரிக்கிற பொம்மைகளாக மாறியிருக்கின்றன. கழுகுக்கண் தன் பழைய மெசேஜை அழித்துவிட்டு, "எனக்கு முதலிலேயே தைத்த மாதிரிதான் தோன்றியது" என்று புதிதாகப் போட்டிருக்கிறார்.

அப்பா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நூல் எங்கயும் தெரியலையே, பட்டன்னு யாருக்குத் தெரியும், அப்படியே அனுப்பு" என்றார். கடிதத்தை மடித்துக் கொடுத்தார். பிறகு, "வேண்டாம். அவ கண்டுபிடிச்சுடுவா" என்றார். நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதற்காக அல்ல, யாருக்கும் தெரியாது என்று அனுப்புவதே பிடிக்காமல் அந்தப் படத்தைக் கவரிலிருந்து எடுத்துவிட்டேன். ஆகையால் நீங்கள் கவரைப் பிரித்ததும் முதலில் பார்த்த படம் குடை இல்லை. அது அதே இருநூற்றுப் பதினொன்றில், கெட்டுப்போனது என்று ஒதுக்கிய ஃபோல்டரிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் தேடி எடுத்தது. குடையைக் கொத்த வந்த காக்கா. நான் குடையைத்தான் குறிவைத்தேன், உங்கள் லென்ஸ் நான் சொன்னதைக் கேட்காமல் குறுக்கே வந்த காக்காவைப் பிடித்துக்கொண்டது. அலகு திறந்திருக்கிறது, சாம்பல் கழுத்தில் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், முழுக் கோபத்தில் நேராக என்னைப் பார்த்து வருகிறது. பின்னால் குடை மங்கிப் போய்விட்டது. பவர் அண்ணனிடம் காட்டினேன், கேட்காமலேயே "தெளிவு" என்றார். நூல் இல்லை, பட்டன் இல்லை, யாரும் தைக்கவில்லை.

இடது இறக்கை பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது. தெரியும். கண் உள்ளே இருக்கிறது. நீங்கள் கேட்டது கண்தான் அத்தை.